பேனா எழுதும், விரல் பிடிக்கும்: தொடுதிரையில் இரண்டு கைக்கும் வேலை

தாளில் எழுதும்போது இடது கை என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வலது கைக்காரர்களை வைத்துச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். அந்தக் கை தாளின் ஓரத்தில் சும்மா கிடப்பது போலத்தான் தெரியும். அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாலு வரி எழுதிப் பாருங்கள். தாள் நழுவும், வரி கோணும், பக்கத்தின் கீழே போகப் போகக் கை மேசைக்கு வெளியே தொங்கும்.

பிரான்ஸைச் சேர்ந்த ஈவ் கியார் என்ற ஆய்வாளர் இந்தச் சும்மா கிடக்கும் கையைத்தான் ஆராய்ந்தார். அவர் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. எழுதும் தாளுக்கு அடியில் கார்பன் தாள், அதற்கும் அடியில் மேசையோடு அசையாமல் இன்னொரு தாள். ஒருவர் பக்கம் முழுக்க எழுதி முடிக்கிறார். மேல் தாளில் வரிகள் மேலிருந்து கீழ்வரை ஒழுங்காக இருக்கின்றன. அடித்தாளைப் பார்த்தால் எழுத்தெல்லாம் சிறிய பகுதிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கிறது. ஏன்? வலது கை மேசையில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தது. தாளை மேலே மேலே தள்ளிக் கொடுத்தது இடது கை.

கியார் இதிலிருந்து மூன்று விஷயங்களைச் சொன்னார். முதலில் இறங்குவது இடது கை. தாளைப் பிடித்த பிறகுதான் பேனா வருகிறது. இடது கையின் அசைவுகள் பெரியவை, எப்போதாவது வருபவை. வலது கையுடையவை நுணுக்கமானவை, விடாமல் நடப்பவை. மூன்றாவதுதான் முக்கியம்: வலது கை எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை இடது கைதான் அமைத்துக் கொடுக்கிறது. துணி தைப்பது, வெங்காயம் நறுக்குவது, ஆணி அடிப்பது என்று எதை எடுத்தாலும் இந்தப் பங்கீடு தெரியும்.

இப்போது டேப்லெட்டுக்கு வருவோம். பேனாவும் விரலும் சேர்ந்து இயங்கும் திரைகளைப் பற்றிய ஆராய்ச்சி கணினித் துறையில் தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கிறது. அதில் நிறையக் கருவிகள், நிறையச் சோதனைகள் உண்டு. ஆனால் அடிக்கேள்வி ஒன்றுதான்: தாளில் இரண்டு கைகளும் இவ்வளவு இயல்பாகப் பங்கு போட்டுக்கொள்ளும் வேலையைக் கண்ணாடித் திரையில் எப்படிப் பங்கு போட்டுக் கொடுப்பது?

பேனாதான் மூத்தது

திரையில் விரல் வைப்பது பழையது, பேனா புதியது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்மார்ட்போன் முதலில் கைக்கு வந்ததால் வந்த எண்ணம் இது. உண்மை நேர்மாறு. 1963-இல் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவை வைத்துப் படம் வரையலாம். அந்தப் பேனா மை விடாது, ஒளியும் விடாது. திரையில் தோன்றும் ஒளிப்புள்ளியை அது பார்க்கும், அதை வைத்துப் பேனா எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுகொள்ளும். சதர்லேண்ட் வேலை செய்யும் படங்களில் கவனிக்க வேண்டியது அவருடைய இடது கையை. அது பக்கத்தில் உள்ள பொத்தான் பெட்டியில் இருக்கும். வலது கை வரையும். கோடா, வட்டமா, நகர்த்தலா என்று இடது கை பொத்தானை அழுத்திச் சொல்லும். கியாரின் கட்டுரைக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முந்திய ஏற்பாடு இது.

தொடுதிரையும் அதிகம் பிந்தவில்லை. 1965-இல் பிரிட்டனின் ராயல் ரேடார் நிறுவனத்தில் வேலை பார்த்த ஈ.ஏ.ஜான்சன் விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி எழுதினார். பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் பலகைகள் 1980-களிலேயே டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இருந்தன. பில் பக்ஸ்டனும் அவருடன் இருந்தவர்களும் 1985-இல் அப்படியொரு பலகையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அப்புறம் கடைக்கு வந்த பொருள்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தன. 1990-களின் பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியில் எழுதுவதும் பேனாவால், பொத்தானைத் தொடுவதும் பேனாவால். 2007-இல் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டைலஸ், அதாவது திரையில் எழுதும் பேனா, யாருக்கு வேண்டும் என்று மேடையிலேயே கேட்டார். எல்லாம் விரலுக்கு மாறியது. அதே ஆப்பிள் 2015-இல் ஐபேட் ப்ரோவுடன் ஆப்பிள் பென்சில் என்ற டிஜிட்டல் பேனாவை விற்க ஆரம்பித்தது. இதைச் சொல்லி ஜாப்ஸைக் கேலி செய்வது இணையத்தில் பழைய விளையாட்டு; எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எல்லாவற்றுக்கும் பேனாவையே எடுக்க வைத்த கருவிகளைத்தான் அவர் கிண்டல் செய்தார், அதில் நியாயம் இருக்கிறது. தொலைபேசி எண்ணை அழுத்தப் பேனா எதற்கு?

திரைக்கு எப்படித் தெரியும்?

பேனா எது, விரல் எது என்று திரைக்குத் தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். இன்றைய போன், டேப்லெட் திரைகளில் கண்ணுக்குத் தெரியாத கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக வலை போல ஓடுகின்றன. அவை சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் சிறு மின்தேக்கம் இருக்கும். விரல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால், அருகே வந்ததும் அந்தத் தேக்கம் மாறுகிறது. எந்தெந்தச் சந்திப்பில் எவ்வளவு மாறியது என்று பார்த்து, அவற்றின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டால் விரல் இருக்கும் இடம் கிடைத்துவிடும். கடைகளில் விற்கும் ரப்பர் முனை ஸ்டைலஸ் இந்தத் திரையை விரல் என்று நம்ப வைக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் விரலுக்கும் உள்ள வித்தியாசம் திரைக்குத் தெரியாது. அதனால்தான் அதன் முனை குண்டாக இருக்கிறது. மெல்லிய முனையாக இருந்தால் திரை கவனிக்காது.

உண்மையான டிஜிட்டல் பேனா வேறு வழியில் பேசும். ஜப்பானின் வாகொம் நிறுவனம் பரப்பிய முறையில் திரைக்கு அடியில் தனியாகக் கம்பிச்சுருள் பலகை இருக்கும். அது காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சுருள் அந்த அலையிலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு பதில் அலை அனுப்பும். பேனாவுக்கு பேட்டரியே வேண்டாம். எவ்வளவு அழுத்தி எழுதுகிறோம் என்பதும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். முனை திரையைத் தொடுவதற்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே பேனா வருவது தெரியும் என்பது இன்னொரு லாபம். இது பின்னால் உதவும். ஆப்பிள் பென்சில் போன்றவை பேட்டரியோடு, தாங்களே மின்சமிக்ஞை அனுப்புபவை. எந்த முறையானாலும் பேனாவின் சமிக்ஞை விரலின் சமிக்ஞையோடு குழம்பாது. ஆக, இரண்டையும் ஒரே நேரத்தில், தனித்தனி ஆளாக, திரை அறிந்துகொள்ள முடியும். 2000-களின் ஆராய்ச்சிக்கு இந்த வசதிதான் வழிவிட்டது.

பேனா எழுதுவதா, கட்டளை இடுவதா?

பேனாவால் திரையில் வட்டம் போடுகிறீர்கள். அது ஓ என்ற எழுத்தின் பகுதியா? படத்தில் வரும் நிலாவா? அல்லது நடுவில் இருக்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டளையா? தாளில் இந்தக் குழப்பம் கிடையாது, ஏனென்றால் தாள் எதையும் செய்யாது. கணினியில் ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தக் கேள்வி எழும். இதற்குப் பழைய தீர்வு மெனு: எழுதும் பேனா ஐகான், அழிப்பான் ஐகான், சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுக்கும் லாசோ ஐகான். ஒவ்வொரு முறையும் திரையின் மூலைக்குப் போய் ஐகானைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். போன வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்தால், எழுத நினைத்தது அழித்துவிட்டு நிற்கும்.

2005-இல் யாங் லீ, கென் ஹிங்க்லி, ஷிவெய் குவான், ஜேம்ஸ் லாண்டே ஆகிய நான்கு ஆய்வாளர்கள், எழுதுவதிலிருந்து கட்டளைக்கு மாறும் இந்த மாற்றத்தையே தனியாக எடுத்து அளந்தார்கள். பேனாவின் உடலில் உள்ள பொத்தானை அழுத்துவது, முனையைக் கொஞ்ச நேரம் ஊன்றி வைப்பது, கூடுதலாக அழுத்துவது, பேனாவைத் திருப்பி அழிப்பான் பக்கத்தால் தொடுவது, மற்றக் கையால் ஒரு பொத்தானைப் பிடித்திருப்பது என்று ஐந்து வழிகள். வேகத்தில் ஜெயித்தது கடைசி வழி. பேனா பிடிக்காத கைக்கு ஒரு வேலை கொடுத்ததும் காரியம் சுலபமாகிவிட்டது. ஊன்றிக் காத்திருப்பதுதான் இருப்பதிலேயே மெதுவானது. இன்றும் பல செயலிகள் அதையே கட்டிக்கொண்டு அழுகின்றன.

இடது கை பொத்தானைப் பிடித்திருப்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. பக்ஸ்டன் இதை 1980-களிலேயே வலியுறுத்தியவர். தசை இறுக்கமாக இருக்கும்வரை நாம் சிறப்பு நிலையில் இருக்கிறோம், விட்டால் பழைய நிலை. திரையைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

2008-இல் இன்னொரு சோதனை நடந்தது. பீட்டர் பிராண்டலும் உடன் ஆய்வு செய்தவர்களும் இரண்டு கை வேலை ஒன்றை மூன்று விதமாகச் செய்யச் சொன்னார்கள்: இரண்டு கையிலும் பேனா, இரண்டு கையும் வெறுங்கை, ஒரு கையில் பேனா மற்றது வெறுங்கை. பேனாவும் விரலும் சேர்ந்த வகையில் வேகமும் அதிகம், தவறும் குறைவு. இரண்டு கைக்கும் ஒரே மாதிரி கருவி கொடுப்பது நியாயமாகத் தோன்றலாம், ஆனால் கைகள் அப்படிப் பழகியவை அல்ல.

மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம்

இந்தத் துறையில் யாராவது என்னிடம் ஒரே ஒரு கட்டுரை படிக்கக் கேட்டால், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் கென் ஹிங்க்லி குழு 2010-இல் செய்ததைத்தான் காட்டுவேன். அந்தக் குழுவில் பக்ஸ்டனும் இருந்தார்.

அவர்கள் நேராகக் கணினியில் உட்காரவில்லை. முதலில் ஆட்களை அழைத்துக் காகிதம், நோட்டுப் புத்தகம், பேனா, கத்தரிக்கோல், ஒட்டுவதற்குத் துண்டுப் படங்கள் எல்லாம் கொடுத்து, ஒரு குறும்படத்துக்கான யோசனைகளை நோட்டில் தொகுக்கச் சொல்லிவிட்டு, கைகளைப் பார்த்தார்கள். பேனா எழுத மட்டுமே பயன்பட்டது. யாரும் பேனா முனையால் காகிதத்தைத் தள்ளவில்லை. துண்டுப் படத்தை இடது கையில் பிடித்தபடியே வலது கையால் எழுதினார்கள். வேறு வேலை வந்தபோது பேனாவைக் கீழே வைக்கவில்லை. விரல்களுக்கு இடையே செருகிக்கொண்டு, அதே கையின் மற்ற விரல்களால் காகிதத்தைத் திருப்பினார்கள், எடுத்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நீங்களே உங்கள் கையில் பார்க்கலாம்.

பிறகுதான் கருவி. மைக்ரோசாஃப்டின் அன்றைய சர்ஃபேஸ் என்பது இன்று அந்தப் பெயரில் விற்கும் டேப்லெட் அல்ல; காபி மேசை அளவில் இருந்த பெரிய பெட்டி. அதன் மேல்பரப்பே திரை. உள்ளே இருந்த அகச்சிவப்புக் கேமராக்கள் மேலே என்ன தொடுகிறது என்று அடியிலிருந்து பார்க்கும். பேனாவின் முனையில் அகச்சிவப்பு எல்.இ.டி. வைத்தார்கள். முனை திரையில் அழுந்தினால் விளக்கு எரியும்; கேமராவுக்கு விரல் மங்கலாகவும் பேனா பளிச்சென்றும் தெரியும்.

அவர்கள் வகுத்த விதி மூன்று துண்டு: பேனா எழுதும். விரல் நகர்த்தும். இரண்டும் சேர்ந்தால் புதுக் கருவி பிறக்கும்.

திரையில் ஒரு புகைப்படம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரலால் இழுத்தால் நகரும், இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகும். பேனாவால் அதன்மேல் கோடு போட்டால் படத்தின் மேல் கோடு விழும். இதுவரை புதுமை இல்லை. இப்போது படத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேனாவைக் கொண்டு வாருங்கள். பேனா படத்துக்கு வெளியே தொடங்கிக் குறுக்கே ஓடினால் படம் இரண்டாக வெட்டுப்படும், பேனா கத்தியாகிவிட்டது. படத்துக்குள்ளே தொடங்கி வெளியே இழுத்தால் படத்தின் நகல் ஒன்று உரிந்து வரும். படத்தின் விளிம்பை ஒட்டி ஓட்டினால் கோடு விளிம்போடு நேராக ஒட்டிக்கொள்ளும், படமே ரூலர். பல படங்களைக் குவித்து விரலால் பிடித்துப் பேனாவால் ஒரு குத்து குத்தினால் அவை ஸ்டேப்ளர் அடித்தது போலச் சேர்ந்துகொள்ளும். விரலை எடுத்த அடுத்த கணம், பேனா மறுபடி வெறும் பேனா.

நான்கு கருவிகள், ஐகான் ஒன்றுகூட இல்லை. பிடித்திருக்கும் விரல், எதன்மேல் வேலை என்று சொல்கிறது. பேனா எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது, என்ன வேலை என்று சொல்கிறது. கியார் சொன்ன வரிசையும் அப்படியே இருக்கிறது: முதலில் இடது கை இறங்குகிறது, களத்தை அமைக்கிறது, அப்புறம் வலது கை நுணுக்க வேலையைச் செய்கிறது. விரல் எந்தக் கையுடையது என்று அந்த மேசைக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பேனாவைச் செருகிக்கொண்டு அதே கையின் விரலால் படத்தை நகர்த்தினாலும் அது விரல்தான்.

இதில் குறை இல்லாமல் இல்லை. படத்தைப் பிடித்துக் குறுக்கே கோடு போட்டால் வெட்டும் என்று யார் சொல்லிக் கொடுப்பது? ஐகான் அசிங்கமாக இருந்தாலும், அது கண்ணுக்குத் தெரிகிறது. மறைந்திருக்கும் சைகை தெரியாது. இடம் பெரிதாக இருக்கும் மேசையில் சைகை நான்கு என்றால் கை பழகிவிடும். நாற்பது என்றால் கையேடு வேண்டியிருக்கும். இந்த வகை ஆராய்ச்சி முழுவதிலும் நான் பார்க்கும் பெரிய ஓட்டை இதுதான். அறைக்குள் விளக்கிச் சொல்லிவிட்டுச் சோதனை செய்தால் எல்லாச் சைகையும் இயல்பாகத்தான் இருக்கும்.

பேனா எழுதும், விரல் நகர்த்தும் என்ற விதியின் கறார்த்தனம் தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வகையில் உதவுகிறது. நமக்குப் புள்ளி இருக்கிறது. மெய்யெழுத்து ஒவ்வொன்றின் தலையிலும் பேனாவை ஒரு தட்டு தட்டுகிறோம். பேனாவால் தட்டினால் ‘தேர்ந்தெடு’ என்று பொருள் கொள்ளும் செயலியில், பக்கம் முழுக்க அந்தத் தட்டுகள் குழப்பத்தை உண்டாக்கும். தட்டித் தேர்ந்தெடுப்பது விரலுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டால், பேனாவின் தட்டு எப்போதும் புள்ளிதான். பேனா எழுத்தைக் கணினி படித்து அச்செழுத்தாக மாற்றுவது தனித்துறை. பெங்களூரில் இருந்த எச்.பி. லேப்ஸ் இந்தியா தமிழ்க் கையெழுத்துக்காகத் திரட்டிய தரவுத்தொகுப்பில் 156 வடிவங்கள் உண்டு. காலும் கொம்பும் தனி வடிவங்களாகப் பிரிவதால் 247 எழுத்தும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கதையை இன்னொரு நாள் பார்க்கலாம்.

உள்ளங்கை என்னும் தொல்லை

இவ்வளவு நேரம் திரையைத் தொடுவது பேனாவும் விரலும் மட்டுமே என்பது போலப் பேசினேன். நிஜத்தில் எழுதும்போது முதலில் திரையில் இறங்குவது உள்ளங்கையின் ஓரம். சுண்டுவிரல் பக்கத்துச் சதை முழுவதையும் ஊன்றிக்கொண்டுதான் எழுதுகிறோம். ஊன்றாமல் கையைத் தூக்கிப் பிடித்து எழுதினால் எழுத்து நடுங்கும், தோள் வலிக்கும். ஆனால் திரைக்கு உள்ளங்கையும் தோல்தான். அதுவும் ஒரே தொடுகையாக இருக்காது. சதை அழுந்தும் விதத்தைப் பொறுத்து ஒன்றாகத் தொடங்கி இரண்டாகப் பிரியும், சேரும், தேயும். தொடங்கிய கணத்தில் சின்னப் புள்ளி. விரலைப் போலவே இருக்கும். பக்கம் தானாக நகரும், நடுவில் கோடு விழும்.

பேனா தன்னை அடையாளம் காட்டும் திரைகளில் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: பேனா அருகில் வந்தாலே எல்லா விரல் தொடுகையையும் அணைத்துவிடுவது. முனை தொடுவதற்கு முன்பே பேனா தெரியும் என்று மேலே சொன்னேனே, அதை வைத்துச் செய்வது. பல கருவிகள் இப்படித்தான் தப்பித்தன. ஆனால் பேனா வந்ததும் விரல் செத்துவிட்டால், பேனாவும் விரலும் சேர்ந்து செய்யும் எதுவும் மிஞ்சாது. படத்தைப் பிடிக்கவே முடியாது. உள்ளங்கையைத் தள்ளி, அதே நேரத்தில் வேண்டிய விரலை விட வேண்டும், அதுதான் கஷ்டம்.

பேனாவையே விரலாகக் காணும் சாதாரண ரப்பர் ஸ்டைலஸில் கஷ்டம் இன்னும் அதிகம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜூலியா ஷ்வார்ட்ஸ், கிறிஸ் ஹாரிசன் குழு 2014-இல் இதற்கு ஒரு வழி சொன்னது. தொடுகை விழுந்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடாதே, பார்த்துக்கொண்டே இரு. அதன் அளவு மாறுகிறதா, பக்கத்தில் வேறு தொடுகைகள் முளைக்கின்றனவா, எவ்வளவு நகர்கிறது என்று அரை விநாடி வரை திரும்பத் திரும்ப மதிப்பிட்டு வாக்குச் சேர்த்துக்கொள். உள்ளங்கைத் தொடுகைகள் கூட்டமாக வரும், அளவு ஏறி இறங்கும். பேனா தனியாக, சீராக ஓடும். அதற்காக எழுதுபவரை அரை விநாடி காக்க வைக்கவில்லை. முதல் மதிப்பீட்டிலேயே கோட்டைக் காட்டிவிட்டு, பின்னால் அது உள்ளங்கை என்று தெரிந்தால் அழித்துவிடுவார்கள். பேனாத் தொடுகைகளில் 98 சதவீதத்தை இந்த முறை சரியாக விட்டது. ஆயிரம் கோடு எழுதினால் தவறிப்போய்ப் பதிந்த உள்ளங்கைத் தொடுகை பதினாறு அளவில்தான் இருந்தது.

மை பின்தங்கும்போது

பேனா எழுத்து தாள் போல இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் குறை சொல்வது தாமதத்தை, அது தாமதம் என்று தெரியாமலே. விநாடிக்கு இருபது சென்டிமீட்டர் வேகத்தில் கோடு இழுக்கிறீர்கள். திரை ஐம்பது மில்லி விநாடி தாமதித்தால், மை எப்போதும் முனைக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால் வரும். மவுஸில் இதே தாமதம் உறுத்தாது, ஏனென்றால் கை ஓரிடத்திலும் அம்புக்குறி வேறிடத்திலும் இருக்கின்றன. பேனாவிலும் விரலிலும் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் இடைவெளி அப்பட்டமாகத் தெரிகிறது.

2012-இல் மைக்ரோசாஃப்டில் ஒரு குழு, ஒரு மில்லி விநாடி தாமதம் மட்டுமே உள்ள சோதனைக் கருவியைக் கட்டியது. அன்றைய கடைக் கருவிகளில் தாமதம் ஐம்பதிலிருந்து இருநூறு மில்லி விநாடி வரை. இரண்டு தாமத அளவுகளை அடுத்தடுத்துக் காட்டி எது வேகம் என்று கேட்டால், பெட்டி ஒன்றை விரலால் இழுக்கும் வேலையில் சராசரியாக ஆறு மில்லி விநாடி வித்தியாசத்தையே மனிதர்கள் கண்டுகொண்டார்கள். மனிதருக்கு இவ்வளவு நுட்பமாகத் தெரியும் என்று முன்பு யாரும் நினைக்கவில்லை.

கருவி நிறுவனங்கள் அதைத் துரத்தி வருகின்றன. ஆப்பிள் பென்சிலின் தாமதத்தை 20 மில்லி விநாடியிலிருந்து 9-க்குக் குறைத்ததாக 2019-இல் ஆப்பிள் அறிவித்தது. இதில் ஒரு பகுதி ஊகம். பேனா போகும் திசையையும் வேகத்தையும் வைத்து அடுத்த சில மில்லி விநாடியில் எங்கே இருக்கும் என்று கணித்து, மையை முன்கூட்டியே வரைந்துவிடுவது, கணிப்பு தவறினால் சத்தமில்லாமல் திருத்துவது. நேர்கோட்டில் கணிப்பு நன்றாக வரும். சட்டென்று திரும்பும் வளைவில் முனையிலிருந்து மை ஒரு நொடிப்பொழுது வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். ‘ழ’, ‘ஞ’ எழுதிப் பார்த்தால் சில கருவிகளில் இது கண்ணில் படும்.

மேசை போய் டேப்லெட் வந்தபோது

2010-இன் மேசை கடையில் நிலைக்கவில்லை. டேப்லெட் வந்ததும் கணக்கு மாறியது: இடது கைக்கு இப்போது ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, கருவியைத் தூக்கிப் பிடிப்பது. களத்தை அமைக்கும் கை, களத்தையே சுமக்கிறது. அப்படிப் பிடித்திருக்கும்போது சும்மா இருப்பது கட்டைவிரல் ஒன்றுதான். 2017-இல் ஹிங்க்லி, பக்ஸ்டன் உள்ளிட்ட குழு அந்தக் கட்டைவிரலுக்கே வேலை கொடுத்துப் பார்த்தது. திரையின் ஓரத்தில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் சின்ன மெனு. அதை அழுத்திப் பிடித்தபடி பேனாவால் வேலை. சதர்லேண்டின் பொத்தான் பெட்டி திரைக்குள்ளேயே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இதே குழுவினர் 2014-இல் பேனாவுக்கே தொடுவுணர்வு வைத்தார்கள். பேனாவின் உடல் முழுவதும் உணரி; எழுதும் பிடியில் இருக்கிறதா, விரல்களுக்கிடையே செருகப்பட்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியும். உள்ளே அசைவை அறியும் உணரியும் உண்டு. திரையில் விரல் பட்ட அதே கணத்தில் பேனாவும் லேசாக அதிர்ந்தால், தொட்டது பேனா பிடித்த கை. அதிராவிட்டால் மற்றக் கை. அந்த மேசைக்குத் தெரியாமல் இருந்த கேள்விக்கு, எந்தக் கையின் விரல் என்ற கேள்விக்கு, இப்போது பதில் கிடைத்தது. அதை வைத்து, ஒரே சைகைக்கு இரண்டு கையிலும் வெவ்வேறு பொருள் கொடுக்கலாம். புத்திசாலித்தனமான ஆராய்ச்சி. ஆனால் பயன்படுத்துபவர் எந்தக் கையால் தொட்டோம் என்று ஞாபகம் வைக்க வேண்டியிருந்தால், கை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்ற பழைய நன்மை கொஞ்சம் கரைகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இவ்வளவில் நம் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு? விரல் பக்கத்தை நகர்த்தும், பேனா எழுதும் என்ற முதல் பாதி வந்துவிட்டது. நல்ல குறிப்பேட்டுச் செயலிகள் பலவற்றில் அதற்கான அமைப்பு இருக்கிறது. இல்லாவிட்டால் அமைப்புகளில் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள், எழுதுவது வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து புதுக் கருவி என்ற மறுபாதி அரிது. ஐபேடின் நோட்ஸ் செயலியிலும் விண்டோஸ் இங்க்கிலும் உள்ள ரூலர் அதற்கு அருகில் வருகிறது: இரண்டு விரலால் திருப்பி வைத்து, பேனாவால் ஓரத்தை ஒட்டிக் கோடு இழுக்கலாம். இரண்டு கையும் தாளில் செய்வதையே செய்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம்: விரலை எடுத்தாலும் இந்த ரூலர் போகாது, ஐகானைத் தொட்டுத்தான் அனுப்ப வேண்டும். அனுப்ப மறந்து அதன் ஓரமாக அடுத்த வரியை எழுதப் போனால், எழுத்து விளிம்பில் ஒட்டிக்கொண்டு நேர்கோடாக நீளும்.